போடிமெட்டில் தப்பு ஏன் தொய்கிறது?

‘போடியில் காய்ச்சும்போது கணீரென்று பேசிய தப்பு, 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டில் இறங்கியதும் தொப்தொப்பென்று அடிக்கிறதே, ஏன்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி: தப்பு என்கிற பறையின் அதிர்வு கிருமியைக் கொல்லுமாம், மழையை இழுத்து வருமாம். இதற்கெல்லாம் சான்று கிடையாது. ஈரக்காற்று பறையை என்ன பாடுபடுத்தும் என்பதற்கோ அவர் கையிலிருக்கும் தப்பே சான்று.

30 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று மலைச்சரிவில் ஏறினால், கிலோமீட்டருக்குச் சுமார் பத்து டிகிரி குளிரும். ஒரு கிலோமீட்டர் ஏறியதும் ஏறத்தாழ தெவிட்டுநிலை, பிறகு மேகம்தான். போடி ஊரிலிருந்து பார்த்தால் போடிமெட்டு இருப்பதும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் புரத நார். ஈரக்காற்றில் நார்களுக்கிடையே நீர் மூலக்கூறுகள் நுழைகின்றன. தோல் உப்பி, நீண்டு, இளகுகிறது. ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சை ஏலக்காயை ‘ஸ்டோர்’ என்னும் உலர்த்தும் அறையில் போட்டுச் சூடேற்றினால் நீர் போய்ச் சுருங்கும். உலர்ந்த காயைத் திறந்துபோட்டால் பனி குடித்து நமுக்கும். தப்புத் தோலும் அதே ரகம். ஆனால் காய் தன்னிஷ்டத்துக்குச் சுருங்கலாம், தோலால் முடியாது. புளியங்கொட்டைப் பசையில் மரச்சட்டத்தோடு சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. சுருங்க வழியில்லாத தோலில் அந்தச் சுருக்கமெல்லாம் இழுவிசையாக மாறுகிறது. நாலாபுறமும் பிடித்துக் கட்டிய ஏலக்காயைத் தீயில் காட்டினால் அதுவும் கணீரென்று பேசும் என்றுகூடச் சொல்வேன், வியாபாரிகள் மன்னிக்கவும்.

சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை பாதியானால் ஆறு அரைச்சுரம் இறங்கிவிடும். குடித்த நீரின் எடை இன்னும் கொஞ்சம் இறக்கும். அளவும் முக்கியம்தான்: அதே தோல், அதே இழுவிசை, விட்டம் மட்டும் இரு மடங்கு என்றால் ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் விட்டத்தை மேடையில் மாற்ற முடியாது. மிருதங்கத்துக்கு வார் உண்டு, தவிலுக்கு இப்போது திருகாணியே வந்துவிட்டது, மேற்கத்திய டிம்பனிக்குக் கால்மிதி. தப்புக்கு இதெல்லாம் இல்லை. இருப்பது வைக்கோல் தீ ஒன்றுதான். அதற்கும் வரம்பு உண்டு. நன்றாக நனைந்த தோல் 60 டிகிரியைத் தாண்டினால் கொலாஜன் முறுக்கு அவிழ்ந்து நிரந்தரமாகச் சுருண்டுவிடும். அனுபவசாலிகள் தப்பை எட்டிப் பிடித்து, சுழற்றிச் சுழற்றி, விரலால் சுண்டிக் கேட்டபடியே காய்ச்சுவதன் சூட்சுமம் இதுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இதன் தலைகீழ். கஞ்சிராவின் சின்ன வட்டம் இயல்பில் கீச்சென்றுதான் பேசும். வித்வான் தோலின் உட்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீரைத் தடவுகிறார். தோல் தளர்ந்து, கனத்து, அந்தச் சின்ன வாத்தியத்திலிருந்து கும்கி என்ற ஆழ்ந்த நாதம் எழுகிறது. கச்சேரி நடுவே காய்ந்தால் மறுபடி தண்ணீர். அயர்லாந்தின் பௌரான் என்ற சட்டப்பறைக்காரர்களும் தோல் விறைத்தால் நனைக்கிறார்கள்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ஜெனீவாக்காரர் சொசூர் 1783இல் தலைமுடி நீள்வதை வைத்து ஈரமானி பற்றி எழுதினார். முடியும் புரதம்தான். மாட்டுத்தோலை வைத்து ஈரத்தைக் காதால் அறிந்தவர்கள் புத்தகம் எழுதவில்லை. அவர்களுக்கு அதைவிட அவசரமான வேலைகள் இருந்தன.

‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’ என்று விற்கிற ஃபைபர் தப்பைப் பற்றியும் வாசகர் கேட்கிறார். விளம்பரம் பாதி உண்மை. 1957 வாக்கில் மேற்கே டிரம்களுக்கு வந்த பாலியெஸ்டர் படலத்தைப் போலவே இதுவும் நீரை உறிஞ்சாது, மேகத்துக்குள்ளும் தொய்யாது. அடித்தபின் அதிர்வு அடங்கும் விதம் மட்டும் வேறு. தோலுக்குப் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும். செயற்கைத் தோல் கஞ்சிராவும் கிடைக்கிறது. தண்ணீர் அதில் ஊறாது என்பதால் சுருதி இறக்கத் திருகு வைத்தவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.