பிள்ளைகள் காட்சிப் பொருளானால்...

கேள்வி கூடினால் நிரம்பலும் கூடும். கடை வைத்திருக்கும் எவருக்கும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால், நல்லெண்ணத்தோடு செய்யும் உதவிக்கும் இதே விதி பொருந்தும் என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஹோட்டல், வேன், பயண முகவர் தொழில்களில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் பலர் இருப்பதால், இவ்வாரம் கம்போடியாவின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கோர் வாட் ஆலயத்தைப் பார்க்க அந்நாட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலர், அங்குள்ள அநாதை இல்லமொன்றில் ஒரு நாளையோ இரண்டு வாரங்களையோ தொண்டு செய்து கழிக்க விரும்பினார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, சுவருக்கு வர்ணம் பூசுவது, அவர்களோடு விளையாடுவது போன்றவையே வேலை. முகவர் நிறுவனங்கள் கட்டணம் அறவிட்டு இதனை ஒழுங்கு செய்து கொடுத்தன.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2005இல் கம்போடியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 14 இலட்சம் பேர். 2010இல் சுமார் 25 இலட்சம் பேர். அதே ஐந்தாண்டுகளில் சிறுவர் இல்லங்களின் எண்ணிக்கை 75 வீதத்தால் அதிகரித்து 269 ஆனது. இவற்றுள் அரசாங்கத்துக்குரியவை 21 மாத்திரமே. யுத்தமோ 1990களின் இறுதியிலேயே ஓய்ந்துவிட்டது. அப்படியானால் இத்தனை அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்?

2011இல் அந்நாட்டு அரசாங்கமும் யுனிசெப்பும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோரே பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள்.

எல்லா இல்லங்களும் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வியாபாரி கேட்க வேண்டிய முதற் கேள்வி, இங்கே வாடிக்கையாளர் யார் என்பதுதான். பிள்ளை பணம் கொடுப்பதில்லை. பார்க்க வருபவரே கொடுக்கிறார். ஆகவே இல்லம் அவரையே திருப்திப்படுத்தப் பார்க்கும். பிள்ளை வறுமையாகத் தெரிந்தால் நன்கொடை கூடும். பிள்ளை வீடு திரும்பினால் வருமானம் குறையும். சில இல்லங்களில் பிள்ளைகள் விருந்தினர் முன்னிலையில் நடனமாட வைக்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை புதியவரோடு ஒட்டிப் பழகிப் பிரியும் பிள்ளையின் மனதுக்கு ஏற்படும் பாதிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை. இத்தனைக்கும், ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவு, குடும்பத்தோடு வைத்து உதவும் செலவைவிடப் பல மடங்கு அதிகம்.

உலகமும் இதனைக் கவனிக்கத் தொடங்கியது. "பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிகள் அல்ல" என்ற பிரசாரம் கம்போடியாவில் 2011இல் ஆரம்பமானது. நன்கொடைக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டு சேர்ப்பதை நவீன அடிமைத்தனத்தோடு இணைத்து அவுஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவொன்று 2017இல் ஆராய்ந்தது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தீர்மானமொன்றும் இவ்வகைத் தொண்டின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

நமது தொழிலுக்கு வருவோம். விருந்தினர் ஒருவர், "பக்கத்தில் சிறுவர் இல்லம் இருந்தால் கூட்டிப் போங்கள்" என்று கேட்கலாம். கொமிஷனும் கிடைக்கலாம். சம்மதிக்க முன் மூன்று விடயங்களை யோசியுங்கள். முன்பின் தெரியாத ஒருவரை நம் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைக்குள் இப்படி விடுவோமா? அவர் செய்யப்போகும் வேலையைக் கூலிக்குச் செய்ய ஊரில் ஆளில்லையா? அவர் கொடுக்கும் பணம் பிள்ளையின் குடும்பத்தைச் சேருமா, கட்டடத்தைச் சேருமா?

மறுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயப்படத் தேவையில்லை. வேறு நல்ல இடத்தைக் காட்டலாம். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், தெருவில் வாழ்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் பழக்கும் உணவகங்கள் நடக்கின்றன. பயணி சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கிறார். இளைஞனுக்கு ஒரு தொழில் கைக்கு வருகிறது. நம் ஊரிலும் கைப்பணியாளர், சிறு உணவகம், தையல் நிலையம் என்று எத்தனையோ உண்டு. உதவ விரும்பும் விருந்தினரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவர் கொடுக்கும் பணம் உழைப்பவர் கைக்கே நேராகப் போய்ச் சேரும்.