குளிர்ந்த இன்ஜின்: ஒரு செலவுக் கணக்கு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை பார்த்தவர்களுக்கு வெப்பத்தின் கணக்கு அத்துப்படி. 1,200 டிகிரியைத் தாண்டி வெந்தால்தான் பீங்கான் இறுகும். சூடு எட்டாமல் இறக்கினால் தண்ணீரை உறிஞ்சும் சரக்குதான் கிடைக்கும். கார் இன்ஜினுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. அதன் கூலன்ட் ஏறக்குறைய 85 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினால் வண்டியை உடனே ஓரங்கட்டுகிறோம். கீழ் எல்லையைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓடினால் கண்டுகொள்வதில்லை. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

40 டிகிரியும் 82 டிகிரியும்

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. அதனுள் அடைத்திருக்கும் மெழுகு, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து வால்வைத் திறக்கத் தொடங்கும். 95 டிகிரியை ஒட்டி முழுதும் திறந்துவிடும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சீக்கிரம் சூடேறும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று வால்வைக் கழற்றிவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. மே மாத மதியம் வெளியே 40 டிகிரி என்றால், 82 டிகிரியை எட்ட இன்னும் 42 டிகிரி ஏற வேண்டும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 62 டிகிரி ஏற வேண்டும். நம் கோடைவெயில் இன்ஜினுக்குத் தேவையான சூட்டில் பாதிகூட இல்லை.

கழற்றுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. சில இன்ஜின்களில் இதே வால்வு திறக்கும்போது மாற்றுப்பாதையை அடைக்கவும் செய்கிறது. அங்கே வால்வை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வண்டி, நெரிசலில் கொதிக்கும்.

காசில்லாத நான்கு சோதனைகள்

1. கூலன்ட் மட்டம். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு பாருங்கள். மட்டம் இறங்கி, சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் குளிர்ச்சியையே காட்டும். ஆகவே முதல் சோதனை இதுதான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

2. மேல் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் இளஞ்சூடாக ஏறத் தொடங்கினால் வால்வு திறந்தே நிற்கிறது. நல்ல வால்வு என்றால் ஹோஸ் நெடுநேரம் ஆறியிருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடும்போது கை ஃபேன் பக்கம் போகக் கூடாது.

3. ரோட்டில் முள். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் சுமார் 25 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். காற்று அடிக்கும் வேகத்தில் முள் இறங்கி, ஊருக்குள் நெரிசலில் ஏறினால் சந்தேகம் வால்வின் மேல்தான்.

4. ஃபேன். ஏசி போடாமல், சாவி திருப்பியதுமே ஃபேன் ஓடினால் யாரோ டைரக்ட் கொடுத்திருக்கலாம், ரிலே ஒட்டியிருக்கலாம், அல்லது சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். ஒயர் அறுந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விடும்.

ஸ்கேனரில் பி0128 என்ற எண் வந்தால், கூலன்ட் வால்வின் அளவுச் சூட்டை எட்டவில்லை என்று பொருள். கழற்றிய வால்வைச் சாதாரண அறைச்சூட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கு தெரிந்தால் அது போய்விட்டது.

சரிசெய்யும் செலவு

சிறிய பெட்ரோல் காருக்குக் கணக்குக்காக வைத்துக்கொண்ட தோராய விலைகள் இவை. வண்டிக்கு வண்டி மாறும்.

- வால்வும் கேஸ்கெட்டும்: ரூ. 800
- கலந்தே வரும் கூலன்ட், 4 லிட்டர்: ரூ. 1,000
- கூலி: ரூ. 500
- மொத்தம்: ரூ. 2,300

சரிசெய்யாத செலவு

குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் ரூ. 100 என்று வைத்துக்கொள்வோம்.

- மைலேஜ் 15 கி.மீ.: 66.7 லிட்டர், ரூ. 6,670
- மைலேஜ் 14 ஆக இறங்கினால்: 71.4 லிட்டர், ரூ. 7,140
- மைலேஜ் 13.5 ஆக இறங்கினால்: 74.1 லிட்டர், ரூ. 7,410

ஒரு கி.மீ. இறங்கினாலே மாதம் சுமார் ரூ. 470, வருடத்துக்கு ரூ. 5,600-க்கு மேல் போகிறது. ஒன்றரை கி.மீ. இறங்கினால் வருடத்துக்கு ரூ. 8,800-க்கு மேல். பழுது பார்த்த ரூ. 2,300 ஐந்து மாதத்துக்குள், அல்லது மூன்று மாதத்தை ஒட்டியே திரும்பிவிடும்.

பெட்ரோல் கணக்கில் வராத சேதமும் உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயிலில் சேரும் ஈரம் சூட்டில்தான் ஆவியாக வெளியேறும். சூடு போதாவிட்டால் ஆயிலிலேயே தங்கி கசடாகும். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரிக்கு மேல்தான் வேலையைத் தொடங்கும். எரியாத பெட்ரோல் போய் அது கெட்டால் ஆயிரங்களில் அல்ல, பல பத்தாயிரங்களில் செலவு. பிஎஸ்-6 டீசல் வண்டியில் கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளவும் இன்ஜின் போதிய சூட்டில் இருக்க வேண்டும்.

பேருந்து நிலையம் முதல் ஜங்ஷன் வரை என்று குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்தச் சேதம் அதிகம், ஏனென்றால் சூடேறும் முன்பே வண்டி நின்றுவிடுகிறது. ஆகவே பழைய கார் வாங்கும்போது வால்வு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். கூலன்ட் மாற்றும் நாளில் வால்வையும் சோதித்துவிட்டால் தனிக் கூலி மிச்சம். கழற்றிவிட்டால் போதும் என்று ஒர்க் ஷாப்பில் சொன்னால், ரூ. 800 கொடுத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.