காறையென்பு முறிந்தால்

கண்டி நகரிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர்க்கு ஏற்றம் களைப்பைத் தரும். இறக்கமே ஆபத்தைத் தரும். அம்பிட்டியவிலிருந்தும் ஹந்தானையிலிருந்தும் நகரை நோக்கி இறங்கும் வளைவுகளில், மழையில் நனைந்த வீதியிற் சில்லு வழுக்குமாயின், ஓட்டுபவர் தோள் நிலத்தில் மோத வீழ்தல் கூடும். அங்ஙனம் வீழ்வோர்க்குப் பெரிதும் முறிவது காறையென்பு. அம்முறிவு ஆறும் முறையை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

காறை என்பது கழுத்திலே பூணும் அணி. அவ்வணி கிடக்குமிடத்தில் இருப்பதே காறையென்பு. இலத்தீன் மொழியில் இதன் பெயருக்குச் 'சிறு திறவுகோல்' என்று பொருள். கையைத் தலைக்கு மேல் உயர்த்துங்கால் இவ்வென்பு, பூட்டிலே திரும்பும் திறவுகோல் போன்று தன் அச்சிற் சுழல்கின்றது. கையை உடலோடு இணைக்கும் என்புப்பாலம் இஃதொன்றே. இதன் நடுப்பகுதி மெல்லியதாதலின், பெரும்பாலும் அங்கேயே முறிகின்றது.

முறிந்த இடத்தில் முதலிற் குருதி உறைகின்றது. பின்னர் இளம் இழையம் வளர்ந்து, ஈற்றில் என்பாக இறுகுகின்றது. சிறுவர்க்கு இதற்கு 3 முதல் 6 கிழமைகள் வரையும், வளர்ந்தோர்க்கு 6 முதல் 12 கிழமைகள் வரையும் செல்லும். கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தொங்குகட்டே பலர்க்குப் போதுமானது. முறிந்த முனைகள் வெகுவாக விலகினாலோ, தோலைக் குத்தி நின்றாலோ, தகடு பொருத்தும் சத்திரசிகிச்சை வேண்டப்படலாம். காறையென்பின் கீழே கைக்குச் செல்லும் குருதிக்குழாய்களும் நரம்புகளும் உள்ளன. ஆதலின் விரல் மரத்தல், கை குளிர்தல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரை நாடும் வழக்கம் நம் பகுதியில் இன்றும் உண்டு; அவரை நாடுவோரும் முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பித்தல் அவசியம்.

தொங்குகட்டு நெடுநாள் இருப்பின் தோள் இறுகிவிடும். ஆகவே விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே அசைத்தல் நன்று. நோவு தணிந்த பின், வைத்தியர் கூறியவாறு, கையைத் தொங்கவிட்டு ஊசல் போல மெல்ல ஆட்டலாம். என்பு நன்கு கூடியமை தெரிந்த பின்னரே பாரம் தூக்கலாம். புகைத்தல் என்பு கூடுதலைத் தாமதப்படுத்தும்.

இந்நோவை நாமும் அனுபவித்துள்ளோம். தொங்குகட்டு நீங்கிய பின்னரும் கரும்பலகையின் மேல்வரி நமக்குப் பன்னாள் எட்டவில்லை. கீழ்வரியில் எழுதத் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறினோம். திறவுகோல் மீண்டும் திரும்புவதற்கு அத்துணை நாட்கள் வேண்டியிருந்தன.

1956ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுச் சுற்றுப்போட்டியில் பியோரென்சோ மாக்னி என்னும் வீரர் இடக் காறையென்பு முறிந்தும் ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர். கைப்பிடியிற் கட்டிய றப்பர்க் குழாயைப் பல்லாற் கடித்து இழுத்தவாறே மலையேறினார். இரண்டாம் இடத்தையும் பெற்றார். எனினும், அதே போட்டியில் மீண்டும் வீழ்ந்து மேற்கையென்பையும் முறித்துக்கொண்டார். அவர்தம் உறுதி வியக்கத்தக்கது, ஆயின் பின்பற்றத்தக்கதன்று.

நம் மலைச்சரிவுகளில் இரு தடைகளையும் இரு கைகளாலும் இறுகப் பிடிக்க வல்லவரே வண்டியேறத் தக்கவர். விளையாட்டுப் போட்டி அண்மித்துவிட்டதென்று துடிக்கும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: போட்டி அடுத்த ஆண்டும் வரும், கை ஆறும்வரை பொறுத்திருங்கள்.