பழுதுள்ள பொருளும் வாங்கியவரின் உரிமைகளும்

புதிதாக வாங்கிய சலவை இயந்திரம் இரண்டாம் வாரத்திலேயே பழுதடைந்தால், “தயாரிப்பாளரின் உத்தரவாதம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்” எனச் சில கடைகள் கூறுவதுண்டு. பொறுப்பை இவ்வாறு தட்டிக்கழிக்க இங்கிலாந்துச் சட்டம் இடமளிப்பதில்லை. விற்பனை ஒப்பந்தம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலானது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேலதிகமானதே.

1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் ‘உத்தரவாதம்’ என்பதன் பொருள் வேறு. ஒப்பந்தத்தின் அடிப்படையான உறுதிமொழி ‘நிபந்தனை’ எனப்படும். அது மீறப்பட்டால் பொருளை நிராகரிக்கலாம். துணையான உறுதிமொழியே ‘உத்தரவாதம்’. அது மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம். வணிகர்களுக்கிடையிலான விற்பனையில் இவ்வேறுபாடு இன்றும் முக்கியமானது.

சொந்தப் பாவனைக்காக வணிகரிடம் வாங்குவோரை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் பாதுகாக்கிறது. பொருள் திருப்திகரமான தரத்துடனும், நோக்கத்துக்கு ஏற்றதாகவும், விவரிக்கப்பட்டவாறும் இருத்தல் வேண்டும். இல்லையெனில்:

• முதல் 30 நாட்களுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். வாங்கியவர் திருத்தத்துக்கு இணங்கினால், திருத்தி முடியும்வரையான நாட்கள் இக்கணக்கில் சேரா.
• அதன் பின்னர், இலவசமாகத் திருத்தித் தருமாறோ மாற்றித் தருமாறோ கோரலாம். முதல் 6 மாதங்களுள் இவ்வாறு கோரினால், குறை ஆரம்பத்தில் இருக்கவில்லை என நிரூபிப்பது விற்றவரின் கடமை.
• ஒருமுறை திருத்தியோ மாற்றியோ பயனில்லையெனில், விலைக்குறைப்பைப் பெறலாம். அல்லது பொருளை நிராகரிக்கலாம்.

நாட்கள் விரைவில் கடந்துவிடும். ஆகவே, பழுது தெரிந்தவுடன் கடைக்கு எழுத்தில் அறிவித்து, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் பாதுகாத்தல் அவசியம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிறுவனத்தின் நுகர்வோர் உதவிச் சேவையில் இலவச ஆலோசனை பெறலாம்.