மாடி பஸ்ஸுக்கு 15 வயசானா என்ன ஆகும்?

தேரோட்டம் நடக்கிற ஊரில் எல்லோரும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது மேலே போகிற கரன்ட் கம்பியைத்தான். செங்கழுநீரம்மன் தேர் ஓடும் வீராம்பட்டினத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தேருக்கு அது வருஷத்தில் ஒரு நாள் கவலை. மாடி பஸ்ஸுக்கு தினசரிக் கவலை. இந்திய விதிப்படி ஒரு டபுள் டெக்கர் 4.75 மீட்டர் உயரம் வரை இருக்கலாம். கம்பி, மரக்கிளை, பாலம் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் ரூட் போட முடியும்.

அப்புறம் ஏன் ஓட்டினார்கள்?

சாலையில் ஒரு பஸ்ஸின் இடம். ஆனால் இரண்டு மாடி நிறைய ஆட்கள். மும்பையில் 1937-ல் டபுள் டெக்கர் அறிமுகமானது. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்ட் 1967-ல் ‘டைட்டன்’ மாடி பஸ்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. சென்னை மாநகரிலும் மாடி பஸ்கள் ஓடின. 18ஏ ரூட்டை இன்றும் பலர் மறக்கவில்லை.

ஏன் நின்றன?

செலவுதான் முக்கியக் காரணம். மும்பை மாடி பஸ்ஸில் கீழே ஒரு கண்டக்டர், மேலே ஒரு கண்டக்டர், அதுபோக டிரைவர். ஆக, மூன்று சம்பளம். வயதாக ஆக ரிப்பேர் செலவும் கூடும். மும்பையில் வழக்கமான ரூட்டில் ஓடிய கடைசி டீசல் மாடி பஸ்கள் 15 ஆண்டு முடிந்து, 2023 செப்டம்பர் 15-ல் விடைபெற்றன.

பழைய பஸ்ஸைப் பத்திரப்படுத்தலாமே?

சிக்கல் இங்கேதான். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு செல்லாது. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களும் இதில் அடக்கம். அவற்றைப் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்துக்கு அனுப்ப வேண்டும். 50 வயதைத் தாண்டிய டூவீலருக்கும் காருக்கும் ‘விண்டேஜ்’ பதிவு உண்டு. அந்த விதியில் பஸ்ஸுக்கு இடமில்லை. தாத்தாவின் அம்பாசடருக்குக் கிடைக்கிற மரியாதை, ஊரையே சுமந்த பஸ்ஸுக்குக் கிடைக்காது!

வெளியூர்களில் என்ன செய்தார்கள்?

லண்டனில் ஓய்வுபெற்ற ஆர்.டி. ரக மாடி பஸ்கள் பல கப்பலேறி இலங்கை வந்து, அங்கே இன்னொரு ரவுண்டு ஓடின. அடுத்து வந்த ‘ரூட்மாஸ்டர்’ 1956-ல் சேவைக்கு வந்து, 2005 டிசம்பர் வரை வழக்கமான ரூட்டில் ஓடியது. பாடி அலுமினியம் என்பதால் துருத் தொல்லை குறைவு. கழற்றி மாட்டிப் புதுப்பிக்கும்படி டிசைன் செய்திருந்ததும் ஆயுளைக் கூட்டியது. பிறகு பல பஸ்கள் கல்யாண வண்டியாகவும், கஃபேயாகவும் மாறின.

மறுபயன்பாட்டுக்கு மாடி பஸ்தான் வேண்டும் என்றில்லை. புனேயில் பழைய சாதாரண பஸ்கள் பெண்களுக்கான கழிப்பறைகளாகின. சிங்கப்பூரில் 20 பழைய பஸ்கள், 2023-ல் தங்கும் விடுதி அறைகளாகின.

நம்ம கடற்கரையில் ஒன்றை நிறுத்தினால்?

ஐடியா நல்லதுதான். ஆனால் மூன்றை யோசிக்கணும். ஒன்று, உப்புக்காற்று: இரும்புச் சட்டம் உள்ளிருந்தே அரிக்கும், மேலே பெயின்ட் அடித்தால் மட்டும் போதாது. இரண்டு, படிக்கட்டு: மேல்மாடியை உணவகமாக்கினால் அவசரத்துக்கு இறங்க ஒரே குறுகிய படி போதுமா? மூன்று, அனுமதி: ஓட்டுகிற வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. ஒப்புதல் கட்டாயம்.

மாடி பஸ் இனி வராதா?

வந்துவிட்டது. அசோக் லேலண்ட் குழுமத்தின் ஸ்விட்ச் நிறுவனம் தயாரித்த ஏசி மின்சார டபுள் டெக்கர்கள், 2023 பிப்ரவரி முதல் மும்பையில் ஓடுகின்றன. அவற்றுக்கும் ஒருநாள் 15 வயதாகும். நல்ல நிலையில் உள்ள ஒன்றிரண்டையாவது மியூசியத்துக்கோ, நூலகத்துக்கோ கொடுக்க விதியில் ஒரு வழி வைக்க வேண்டும். அதை முடிவு செய்ய, பஸ் ஸ்கிராப் மையத்து வாசலுக்குப் போகும்வரை காத்திருக்கக் கூடாது.