மருந்து என்கிறோம், உள்ளே இருப்பது நஞ்சு: டப்பாவின் அடையாளங்களைப் படிப்பது எப்படி?

"இன்னிக்கு மருந்து அடிக்கிறாங்க, அந்தப் பக்கம் போகாதே." தோட்டத்தில் வளர்ந்த நாம் எல்லாரும் சின்ன வயதில் இதைக் கேட்டிருப்போம். புல்லுக்கு அடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மலாய்க்காரர்கள் அதை 'ராசுன்' என்றே சொல்கிறார்கள். விஷம் என்று பொருள். நம் பேச்சில்தான் அது மருந்தாகிவிட்டது.

பேச்சில் மறைந்துபோன அந்த உண்மையை, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் சொல்கிறது. ஆனால் அது யாரிடம் சொல்கிறது, எந்த மொழியில் சொல்கிறது, நம் வீடு வரை வந்து சேர்கிறதா என்பதை நாம் யோசிப்பதில்லை.

கேமரன் மலையில் இது சின்ன விஷயம் அல்ல. 1929-இல் இங்கே பெரிய அளவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலம் முதல் நம் மக்கள் இந்தச் சரிவுகளில் வேலை செய்து வருகிறார்கள். இன்று ரிங்லெட்டில் இருந்து கம்போங் ராஜா வரை தேயிலையை அடுத்துக் காய்கறி, பூந்தோட்டங்கள் நிறைந்துள்ளன. தேயிலையில் களைக்கொல்லி, காய்கறியில் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி. அடிப்பவர், கலப்பவர், ஸ்டோரில் அடுக்குபவர், லோரியில் ஏற்றி வருபவர் என்று எல்லா இடத்திலும் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

கடல் தாண்டி வரும் லேபிள்

இந்த மருந்துகளோ அவற்றின் மூலப்பொருள்களோ பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகின்றன. ஒரு நாட்டில் ஏற்றும் பீப்பாயை இன்னொரு நாட்டில் இறக்குபவருக்கு அந்த நாட்டு மொழி தெரிய வேண்டியதில்லை. அதனால் ஐக்கிய நாட்டு நிறுவனம் 1956-இல் ஆபத்தான பொருள்களை ஏற்றி அனுப்புவதற்கான பொது விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. கப்பல், விமானம், லோரி எல்லாவற்றுக்குமான விதிகள் இன்றும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

அந்த விதிப்படி ஆபத்துகள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2 என்றால் வாயு, 3 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவம், 6 என்றால் நஞ்சும் நோய்க்கிருமியும், 8 என்றால் அரிக்கும் பொருள். ஒவ்வொன்றுக்கும் சாய்சதுர வடிவில் ஓர் அட்டை உண்டு. பெட்டியில் ஒட்டும் அட்டை பக்கத்துக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கொள்கலனில் ஒட்டுவது 25 சென்டிமீட்டர்.

இதோடு நான்கு இலக்க எண் ஒன்றும் வரும். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி வரும் எண்ணெய் லோரியின் பின்னால் 1203 என்று எழுதியிருந்தால் அது பெட்ரோல். சமையல் எரிவாயு லோரி என்றால் 1075. பாராகுவாட் போன்ற நச்சுத் திரவக் களைக்கொல்லிகளுக்கு 3016. விபத்து நடந்தால் பொம்பா வீரர் அந்த எண்ணைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது, தண்ணீர் அடிக்கலாமா, எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று முடிவு செய்வார்.

கடல்வழி விதிகள் 2004 முதல் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றின்படி, பெட்டி கடலில் விழுந்து மூன்று மாதம் உப்புநீரில் கிடந்தாலும் லேபிளில் உள்ள தகவலை அடையாளம் காண முடிய வேண்டும். அந்த அளவுக்கு உறுதியான லேபிள் அது.

பத்து நிமிட ஆபத்தும் இருபது வருட ஆபத்தும்

ஆனால் கடலைத் தாண்டும் அந்த லேபிள் நமக்காக எழுதப்பட்டது அல்ல. துறைமுகத் தொழிலாளி, கப்பல் அதிகாரி, லோரி ஓட்டுநர், பொம்பா ஆகியோருக்காக எழுதப்பட்டது. அவர்கள் முன் இருப்பது உடனடி ஆபத்து: தீப்பிடிக்குமா, வெடிக்குமா, பீப்பாய் உடைந்தால் ஆள் சாவானா? தினமும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து பல வருடம் சிறிது சிறிதாக உடலில் ஏறும் ஆபத்தைப் போக்குவரத்து லேபிள் பேசுவதில்லை.

அதற்காகத்தான் இன்னொரு முறை வந்தது. 1992-இல் ரியோவில் நடந்த பூமி மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டதன்படி, 2003-இல் ஜிஎச்எஸ் என்ற பொது அடையாள முறையை ஐக்கிய நாட்டு நிறுவனம் வெளியிட்டது. வெள்ளைப் பின்னணி, சிவப்புக் கரை, நடுவில் கறுப்புப் படம். இதிலும் ஒன்பது படங்கள். மலேசியாவில் வேலையிடத்து இரசாயனங்களுக்கு 2013 அக்டோபர் முதல் இந்த முறையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் லேபிள் இருக்க வேண்டும்.

மண்டையோடும் எலும்பும் இரண்டு முறைகளிலும் உண்டு. ஆனால் ஒரு மனிதனின் மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம் ஜிஎச்எஸ் முறையில் மட்டுமே இருக்கிறது. புற்றுநோய், கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு, உள்ளுறுப்புச் சேதம் போன்ற நாள்பட்ட ஆபத்துகளை அது குறிக்கிறது. போக்குவரத்து அட்டைகளில் அதற்கு ஈடான படம் கிடையாது.

ஆக, வெளிப்பெட்டியில் மண்டையோடு இல்லை என்பதால் உள்ளே இருப்பது பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டியைப் பிரித்து எறிந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவது உள்ளே இருக்கும் போத்தலின் லேபிள் மட்டும்தான். வேலை செய்பவருக்கு அதுதான் முக்கியம்.

லேபிள் எந்த மொழியில்?

ஆபத்தான இரசாயனங்களை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1998-இல் ரோட்டர்டாம் ஒப்பந்தம் உருவானது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. தன் நாட்டில் தடை செய்த பொருளை ஏற்றுமதி செய்யும் நாடு, வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். லேபிள் தகவல்கள், முடிந்தவரை, வாங்கும் நாட்டின் அதிகாரத்துவ மொழியில் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதிகாரத்துவ மொழி என்றால் இங்கே மலாய். அனைத்துலக விதியில் தமிழுக்கு இடமில்லை. மியன்மார், நேப்பாளம், வங்காளதேசத்தில் இருந்து வந்து இப்போது நம்மோடு வேலை செய்பவர்களின் மொழிக்கும் இடமில்லை. மலேசியாவில் விற்கும் பல பூச்சிக்கொல்லி டப்பாக்களில் எச்சரிக்கை வாசகம் தமிழிலும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு வரியின் அருமை இப்போது புரியும்.

பாராகுவாட் கதையை நம் மக்கள் மறந்திருக்க முடியாது. தோட்டங்களில் 'கிராமக்சோன்' என்றால் தெரியாதவர் இல்லை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள். மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளை 2002-இல் தெனாகனித்தா அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. அதே 2002-இல் மலேசியா தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. ஐரோப்பாவில் 2007-லேயே நீதிமன்றம் அதன் அனுமதியை ரத்து செய்துவிட்டது. ஆனால் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் உற்பத்தியும் பிற நாடுகளுக்கு ஏற்றுமதியும் தொடர்ந்தன. தங்கள் வயலில் அடிக்கக் கூடாதது, லேபிளோடு அடுத்தவர் வயலுக்குப் போகலாம் என்பதுதான் இதன் பொருள்.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. குளிர்பானம் என்று நினைத்துக் குடித்தவர்கள் உலகெங்கும் இறந்ததால், பின்னாளில் அதில் நீலநிறச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். லேபிளைப் படிக்காதவருக்கும், லேபிளே இல்லாத போத்தலுக்குமான எச்சரிக்கை அது. எல்லா மருந்துக்கும் அந்த நிறமும் நாற்றமும் இருக்காது.

மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றும்போது

மூன்று மாதம் கடலில் கிடந்தாலும் அழியாத எச்சரிக்கையை நாம் ஒரே நிமிடத்தில் அழித்துவிடுகிறோம். ஸ்டோரில் இருந்து கொஞ்சம் மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி, வீட்டுக் கத்தரிச் செடிக்கு அடிக்கலாம் என்று கொண்டு வருகிறோமே, அந்த நிமிடத்தில்தான். பெயர், வகுப்பு, மண்டையோடு, தமிழ் வரி எல்லாம் ஸ்டோரிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வருவது தாகத்தோடு ஓடி வரும் பிள்ளையின் கண்ணுக்குத் தண்ணீராகவோ பானமாகவோ தெரியும் ஒரு போத்தல்.

இதற்கு அடுத்த ஆபத்து, புரியாத அந்நிய மொழியில் மட்டுமே லேபிள் உள்ள மலிவு மருந்து. முறையாகப் பதிவு செய்யாமல் எல்லை தாண்டி வரும் இவற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு கலக்க வேண்டும், அடித்த எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அடிப்பவரின் உடலும் அந்தக் காயை வாங்கிச் சமைக்கும் குடும்பமும்தான் விலை கொடுக்கின்றன.

என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

முதலில் பதிவு எண்ணைப் பாருங்கள். 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, இங்கே விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு வேண்டும். லேபிளில் எல்ஆர்எம்பி என்ற எழுத்துகளோடு அந்த எண் இருக்கும். இல்லையென்றால் வாங்காதீர்கள், கலக்காதீர்கள்.

அடுத்து, லேபிளின் அடியில் ஓடும் வண்ணப் பட்டை. கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் கீழே. நீலம் என்றால் கையுறை வேண்டாம் என்று அர்த்தமில்லை. வேலையிடத்து இரசாயனங்களில் 'பஹாயா' என்ற சொல் 'அமாரான்' என்பதைவிடக் கடுமையான எச்சரிக்கை.

குடிநீர்ப் போத்தலிலோ சாப்பாட்டு டப்பாவிலோ மருந்தை ஊற்றவே கூடாது. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் வேண்டாம்.

யாராவது குடித்துவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடலில் பட்டால் துணியைக் கழற்றி நிறைய தண்ணீரால் கழுவுங்கள். அவசரத்துக்கு 999. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது டப்பாவையோ லேபிளின் படத்தையோ கையோடு கொண்டு போங்கள். பெயர் தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்புறத்தையும் குளியலறை மூலையையும் ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத போத்தல் இருந்தால் முகர்ந்து பார்க்காமல், மருந்தைக் கொடுத்த ஸ்டோரிடமே திருப்பிக் கொடுங்கள். மலாய் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், டப்பா லேபிளைக் கைபேசியில் படமெடுத்து வந்து அவனை வாசிக்கச் சொல்லுங்கள். மருந்தடிக்கும் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து கேட்கட்டும்.