உங்களுக்குத் தெரியுமா? செப்சிஸில் மூளை தரும் எச்சரிக்கை

நோய்த்தொற்றை எதிர்க்கும் உடலின் தற்காப்பு கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலையாகிய செப்சிஸில், கிருமி மூளைக்குள் நுழையாதபோதும், நோயாளி நாளையும் இடத்தையும் மறந்து குழம்புவதோ, அழைத்தால் மட்டுமே கண் திறப்பதோ உண்டு. செப்சிஸ்சார் மூளைச் செயலிழப்பு எனப்படும் இது, உயிரிழப்பு அபாயத்தைக் கணிக்க உதவும் முக்கிய அறிகுறியாகும். இதை மதிப்பிட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதே வியப்பு. கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட கிளாஸ்கோ நினைவிழப்பு அளவுகோல், இன்றைய வடிவில், கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என முழு விழிப்புக்கு 15 மதிப்பெண் வழங்குகிறது. 1996-இல் வெளியான ஆய்வொன்றில், 15 பெற்ற செப்சிஸ் நோயாளிகளில் 16 விழுக்காட்டினர் இறக்க, 8-உம் அதற்குக் கீழும் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினர் இறந்தனர். ஆராயப்பட்டோர் 50 பேரே எனினும், 13 அல்லது 14 என்னும் சிறு சரிவுகூட அபாயத்தை உயர்த்துவதைப் பின்னர் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வும் காட்டியது. ஆயினும் மயக்கமருந்து தரப்பட்டவரிடம் இம்மதிப்பெண் ஏமாற்றக்கூடும் என்பதால், இன்றைய கணிப்பு மாதிரிகள் வயது, இரத்த லாக்டேட், சிறுநீரளவு, சுவாச வேகம் முதலியவற்றையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. காய்ச்சலுற்ற முதியவர் திடீரெனப் பிதற்றினால், அதை மூப்பின் தளர்ச்சியென ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.